'ஏழு மணி ரயில்' பாட்டின் மூன்றாவது குரல்

கனடாவில், மொன்றியல் தமிழ் வானொலியில் கௌரிக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் கிடைத்தது. நேயர்கள் எந்தப் பாட்டைக் கேட்டாலும் கடைசியில் 'ஏழு மணி ரயில்' போடவைக்காமல் விடமாட்டார்கள். எழுபத்துமூன்றில் கொழும்பில் வெளிவந்த பொப் இசைப் பாட்டு அது. பாடியவர்கள் கொட்டாஞ்சேனைச் சகோதரர்கள் இருவர் என்று இசைத்தட்டின் உறையில் போட்டிருந்தது.

2004 வைகாசியில், ஊர்ச்சங்கத்து ஒன்றுகூடலில் பாடுவதற்காக அவளும் சிநேகிதி சாம்பவியும் அந்தப் பாட்டைப் பழகினார்கள். இருவருக்கும் நல்ல குரல்தான். சுருதியும் பிசகவில்லை. ஆனாலும் பாட்டு எழும்பவில்லை. "என்னவோ குறையுது" என்றாள் சாம்பவி.

இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பத்தாவது தடவையோ என்னவோ, கௌரி சட்டென்று கையைத் தூக்கினாள். அண்ணன் மேலே போகிறார், தம்பி கீழே இறங்குகிறார். நடுவில் இன்னொரு குரல், ஏறாமல் இறங்காமல் ஒரே சுரத்தில் நிற்கிறது. பெண்குரல்.

அதற்குப் பிறகு கௌரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பி காலமாகிவிட்டார். அண்ணன் செபஸ்தியாம்பிள்ளை மொன்றியலிலேயே, லாசாலில் மகளோடு இருந்தார். போன் எடுத்துக் கேட்டாள். தாங்கள் இரண்டு பேர்தான் என்று சொல்லிவிட்டு அவர் குளிரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அவர் எதையோ மறைக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. ஏன் என்றுதான் விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நேயர்களிடமே கேட்டாள். ஒருவர் அது ரயில் விசில் என்றார். ஒருவர் தன் மாமி என்றார். மாமி பிறந்ததே எழுபதில் என்று பிறகு தெரியவந்தது. பத்து நாள் கழித்து நல்லம்மா என்ற பெண் கூப்பிட்டு, கோட்-டெ-நெய்ஜிலிருக்கும் தன் வீட்டுக்கு வரமுடியுமா என்று மட்டும் கேட்டாள்.

கௌரி போனாள். நல்லம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்பவள், ஐம்பது வயதிருக்கும். தேத்தண்ணீர் ஊற்றியபடியே சொன்னாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, ஒலிப்பதிவுக்கூடத்தில் டைப்பிஸ்ட். பாட்டைப் பதியும் அன்று காலையில்தான் சகோதரர்கள் சண்டை பிடித்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்த்ததில் சுருதி வழுக்கிக்கொண்டே போனது. மத்தியானத்துக்குள் பதினொரு தடவை பதிவு பிழையாகிவிட்டது. ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க உள்ளே போனவளை, ஒலிப்பதிவாளர் இருவருக்கும் நடுவில் நிற்கவைத்து, ஒரே சுரத்தை விடாமல் பிடிக்கச் சொன்னார். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பாடட்டும், பிறகு அவளில்லாமல் பதியலாம் என்பது எண்ணம். போட்டுக் கேட்டபோது திரும்பப் பதிய ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"பேர் போடவேண்டாமெண்டு நான்தான் கேட்டனான். என்னைப் பெத்த ஐயா அறிஞ்சால் வேலைக்குப் போறதையும் நிப்பாட்டியிருப்பார். அவை ரெண்டு பேரும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டமெண்டு மாதா மேல சத்தியம் பண்ணிச்சினம்."

கலியாண வீடுகளில் அந்தப் பாட்டைக் கேட்கும்போது கவலையாக இருக்கவில்லையா என்று கௌரி கேட்டாள். தானும் சேர்ந்து ஆடுவதாகச் சொல்லி நல்லம்மா சிரித்தாள். யாருக்காவது அந்தக் குரல் கேட்டிருக்குமா என்ற யோசனை மட்டும் இருந்ததாம்.

"முப்பத்தொரு வருசம். நீங்கள்தான் முதல் கேட்டது."

பெயரை வானொலியில் சொல்லலாமா என்று கௌரி கேட்டாள். நல்லம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயாவும் இப்ப இல்லை. சொல்லுங்கோ" என்றாள்.

கௌரி செபஸ்தியாம்பிள்ளைக்குத் திரும்பவும் போன் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒன்றைத்தான் கேட்டார்: "அவவே சொன்னவவோ?"

"ஓம்."

"அப்ப சரி, பிள்ளை." அதன்பிறகு ஒரு மணி நேரம் அவர் வாய் ஓயவில்லை.

சனிக்கிழமை மூன்று பெயரையும் சொல்லித்தான் பாட்டைப் போட்டாள். போன் எடுத்த நேயர்களில் பாதிப்பேர் தங்களுக்கு எப்போதோ தெரியும் என்றார்கள். ஒருவர் அதில் பெண்குரலே இல்லையென்று அடித்துப் பேசினார்.

ஒன்றுகூடலன்று நல்லம்மாவுக்கு வேலை. லீவு கிடைக்கவில்லை. செபஸ்தியாம்பிள்ளை வந்து தம்பியின் இடத்தைப் பாடினார், சாம்பவி மேலே போனாள், கௌரி நடுவில் நின்றாள். ஒரு சுரம்தானே, சுகமான வேலை என்று நினைத்திருந்தாள். இரண்டு பக்கமும் குரல்கள் இழுக்க, இரண்டாவது சரணத்திலேயே அவளுக்கு மூச்சு முட்டியது.