வட்டத்தைத் தாண்டிய வாண்டு

மடிக்கணினியின் திரையைத் துடைத்துவிட்டு அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தாள்.

"படம் வந்தாச்சா?" என்றார் கணவர், கண்ணைத் திறக்காமலே. திறந்தும் பயனில்லை; நோய் பார்வையிலும் கை வைத்திருந்தது. இன்றைப் பொழுது தாண்டாது என்று காலையில்தான் டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மனிதருக்கு அந்தக் கவலையே இல்லை. அவருடைய கவலையெல்லாம் வாண்டைப் பற்றித்தான். வாண்டு என்பது தூரத்துக் கோள் ஒன்றைச் சுற்றும் குட்டி நிலா. விண்கலம் எடுத்த பழைய படங்களில் அதைக் கண்டுபிடித்து, அது ஓடும் பாதையைக் கணக்குப் போட்டவர் அவர். அலுவலகத்தில் பாதிப் பேர் அது நிலாவே இல்லை, படத்தில் விழுந்த கறை என்றார்கள். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அவரைப்போல் பரிந்து சண்டை போட்டிருக்க மாட்டார்கள். அவளுக்குச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

இன்று புதிய படங்கள் இரண்டு. அவர் கணக்குப்படி வாண்டு இருக்கவேண்டிய இடத்தில் சக ஊழியர் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். மாற்றி மாற்றிக் காட்டினால் நட்சத்திரம் நிற்கும், நிலா நகரும், கறை ஒரு படத்தில் மட்டும் இருக்கும்.

மாற்றி மாற்றிப் பார்த்தாள். வட்டம் காலி.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

இருக்கு என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் அவரிடம் அவளுக்குப் பொய் வராது. வட்டத்துக்கு வெளியே தேடினாள்.

"என்னங்க, இருக்கு! ரெண்டு படத்துலயும் இருக்கு, நகருது. ஆனா நீங்க சொன்ன எடத்துல இல்ல. வட்டத்தத் தாண்டி முன்னாடி ஓடிடுச்சு."

"முன்னாடியா?" அவர் முகம் மலர்ந்தது. "அவசரக்குடுக்கை! அப்போ அது ஓடுற பாதை நான் போட்டதவிடச் சின்னது. எத்தன கட்டம் தள்ளி இருக்குன்னு எண்ணிச் சொல்லு."

"இருங்க, பறக்காதீங்க."

படத்தைப் பெரிதாக்கினாள். அது பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரிந்தது. மூக்கு திரையில் உரச எண்ணினாள். பதினொன்று. நிமிர்ந்தாள்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. மூச்சு இல்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு ஏதோ சந்தேகம் வந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள்.

"பன்னெண்டுங்க," என்றாள், அவர் காதருகில் குனிந்து. "மொதல்ல ஒண்ணு விட்டுட்டேன்."