நெல்லுக்குத் தடிமன்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. வவுனியாவில் ஒரு தேநீர்க் கடையில் இரஞ்சிதம் அக்கா சொன்னது. பொம்மையாட்டக்காரன் பரமலிங்கத்தைக் கெட்டவனாக எழுத வேண்டும் என்பது அவருடைய விருப்பம். முயன்று பார்த்தேன்.

‘அக்கராயன் குளத்தில் நிலா மிதந்த ஓர் இரவில்…’

இல்லை. 2007இல் அங்கே யாரும் நிலாவைப் பார்க்கவில்லை. போருக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு இயக்கத்து ஆட்கள் படலை படலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

2

பரமலிங்கம் கையில் மாட்டி ஆட்டும் துணிப்பொம்மைகளை வைத்து, பெரியவர்களுக்கு மட்டும் ஆட்டம் போடுபவன். அழ வேண்டியதையெல்லாம் சிரிக்கவைத்துச் சொல்வான். ஒருநாள் மண்வெட்டி இரவல் கேட்டுப் பக்கத்து வீட்டு இரஞ்சிதத்திடம் போனபோது, நெல் போட்டுவைக்கும் கொம்பறைக்குள் யாரோ தும்மினார்கள். அவருடைய மகள் தேனுகா. அவன் ஒன்றும் கேட்காமல் மண்வெட்டியோடு திரும்பினான். (இந்த இடத்தில் அவன் நல்லவன்தான். அக்கா மன்னிக்க.)

அடுத்த ஆட்டத்தில் தகப்பன் பொம்மை மகளைக் கொம்பறைக்குள் ஒளித்தது. ஆள்பிடிக்கிற பொம்மை வந்தது. கொம்பறை தும்மியது.

“அதென்ன சத்தம்?”

“நெல்லுக்குத் தடிமன், தம்பி.”

நெல்லுக்கே சளி பிடித்ததைக் கேட்டுச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்னால் நின்ற இயக்கத்து ஆட்கள் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள்.

3

விடிந்ததும் அவர்கள் ஊரிலிருந்த கொம்பறைகளையெல்லாம் தட்டிக்கொண்டு வந்தார்கள். இரஞ்சிதத்தின் வீட்டிலும் தட்டினார்கள்.

“நெல்லுக்குத் தடிமன் மாறீற்றுதோ, அம்மா?”

தேனுகாவை அவர்கள் இழுத்துக்கொண்டு

(இந்த வசனத்தை என்னால் முடிக்க இயலவில்லை.)

அன்று பின்னேரம் பரமலிங்கம் வந்து முற்றத்தில் நின்றான்.

“அக்கா, நான் பொதுவாத்தான் சொன்னனான்.”

“ஊரில எத்தின கொம்பறை தும்மினது, பரமலிங்கம்?”

அவன் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுப் போனான்.

4

தேனுகா திரும்பி வரவேயில்லை. பரமலிங்கத்தைப் பரந்தன் சந்தியில் ஆடச் சொல்லி இயக்கத்திலிருந்து ஆள் வந்தது.

முடிவு ஒன்று: பொம்மைகளை அடுப்பில் போட்டு எரித்தான்.

முடிவு இரண்டு: மேடையேறிச் சனத்தைப் பார்த்து, ‘நீங்கள் சிரித்த அந்தப் பிள்ளை…’

இரண்டையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“சும்மா விடுங்கோ தம்பி. அவன் போய் ஆடினவன். அதே தும்மலைத்தான். சனமும் சிரிச்சது.”

“ஏன் ஆடினவர்?”



“ஆடினா உன்ர வீட்டுக்கு வரமாட்டம் எண்டு சொன்னவையாம். அவனுக்கும் ஒரு பெட்டைப்பிள்ளை இருந்தவள்.”

இனி இவனை என்ன செய்வது? எனக்குத் தெரியவில்லை. வாசிக்கிற உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். நீங்களே எழுதி முடியுங்கள்.