போன் பைத்தியம்

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸ் லைனில் டீனாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. போன் பைத்தியம். வைத்தது வேறு யாருமில்லை, பெற்ற தாய் ஈவ்லின்தான். குழாயடி, கோயில், ரேஷன் கடை என்று போகிற இடமெல்லாம் அதைப் பரப்பினவளும் அவள்தான். "கூப்டா திரும்பிப் பாக்குதா பாரு அந்தச் சனியன்! எந்நேரமும் போன்லயே கெடக்குது" என்று வாயாரத் திட்டுவாள். கேட்கிறவர்களும், "எங்க வீட்டுதும் அதே கததாம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்கப்புறம்தான் ஈவ்லினுக்கு மூச்சே வரும்.

ஏனென்றால் டீனாவுக்குக் காது கேட்காது. இது தெரிந்தவர்கள் மூன்றே பேர். டீனா, ஈவ்லின், தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போய்வரும் அப்பா டக்ளஸ்.

பெற்றவளுக்கே தெரியாமல் ஒரு பிள்ளையின் காது போகுமா என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் போகும். ஈவ்லினின் மாமனார் ஆபிரகாம் சுரங்கத்துக்குள் முப்பது வருஷம் டிரில் மிஷின் பிடித்தவர். பாறையைக் குடைந்து குடைந்து இரண்டு காதும் போயிருந்தது. அவருக்காக அந்த வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். "சோறு போடட்டா?" என்று கேட்டால் பக்கத்து லைன்காரன் "போடு" என்பான். அந்தக் கூச்சலில் பேத்தியின் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைந்துபோனதை யார் கண்டார்கள்? கிழவர் போய்ச் சேர்ந்து வீட்டில் குரல்கள் இறங்கின பிறகுதான் விஷயம் தெரிந்தது. சாதாரணமாகப் பேசினால் பிள்ளை வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் நரம்பு கெட்டுவிட்டது என்றார்கள். இரண்டு வருஷம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றும் ஒரு வார்த்தை சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தை போதாதா ஒரு தாய்க்கு? ரயிலில் ஊர் வந்து சேரும்வரை ஈவ்லின் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். காதுக்கு மாட்டிவிட்ட மிஷினில் சத்தம் வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. ஒரே வாரத்தில் டீனா அதைக் கழற்றி வைத்துவிட்டாள்.

"யாருகிட்டயும் சொல்லாத மம்மி" என்றாள். "தாத்தாவுக்குக் காது போனா, சொரங்க ஷாப்ட்ல போச்சுன்னு மரியாதையா சொன்னாங்க. என்னை அப்டியா சொல்வாங்க? செவிடின்னுதான் கூப்டுவாங்க."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஈவ்லின் மாதா படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்துகொடுத்தாள்.

போனைக் கண்டுபிடித்தது டீனாவேதான். எதிரில் இருப்பவர் பேசப் பேச எழுத்தாக்கிக் காட்டும் ஒரு ஆப். பாடத்தை ரெக்கார்ட் பண்ணிக்கொள்கிறேன் என்று கணக்கு வாத்தியார் சாம்ராஜிடம் ஒரு பொய்யைச் சொல்லி, முதல் பெஞ்சில் போனை வைத்துக்கொண்டாள். சாம்ராஜ் சார் பாதி இங்கிலீஷ், கால் தமிழ், கால் கன்னடம் என்று கலந்துகட்டி அடிக்கிறவர். போனுக்குப் பாதிதான் பிடிபடும். மீதியை அவருடைய உதட்டைப் பார்த்து இவளே நிரப்பிக்கொள்வாள். ஒன்பதாவதில் தத்தித் தடுமாறிப் பாஸானவள், பத்தாவது அரைப் பரீட்சையில் வகுப்பில் மூன்றாவதாக வந்து நின்றாள். அன்றைக்கு ஈவ்லின் அந்தப் போனை எடுத்து முத்தம் கொடுத்தாள், சொன்னால் சிரிப்பீர்கள்.

இப்படி ஒருவழியாக வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எட்டாவது வகுப்புத் தறுதலை ஒன்று, கன்னட டீச்சர் நாற்காலியில் தூங்கி வழிவதைப் படம் பிடித்து, பாட்டுப் போட்டு ரீல் விட்டது. ஊரே பார்த்துச் சிரித்தது. மூன்றாம் நாள் ஸ்கூலிலிருந்து சர்க்குலர் வந்தது. இனி கேட்டுக்குள் போன் கூடாது. சனிக்கிழமை மீட்டிங். பெற்றோர்கள் பிள்ளைகளோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈவ்லின் மகளை எதிரில் உட்காரவைத்து, உதடு தெரிகிற மாதிரி கெஞ்சினாள். "எச்.எம். கிட்ட மட்டும் சொல்லிடறேன்டி. ரூமு கதவ சாத்திட்டு சொல்றேன்."

"எச்.எம். ஸ்டாப் ரூம்ல சொல்வாங்க. அங்க என் கிளாஸ் பவ்யாவோட அம்மாதான் ஆயா. திங்கக்கெழம கிளாஸ் மொத்தமும் தெரிஞ்சிடும்."

"மார்ச்ல பரீட்ச கீதுடி! போன் இல்லாம இன்னா பண்ணுவ?"

"சத்தியம் பண்ணிகீற நீ" என்று டீனா எழுந்து போய்விட்டாள்.

டக்ளஸுக்குப் போன் போட்டால் அவன், "கம்முனு இரு. வேற ஏதாச்சும் காரணம் சொல்லி சமாளி. ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு அவள யாரு பொண்ணு கேட்டு வருவான்?" என்றான். அவனுக்கென்ன, கேட்டில் நின்று வண்டி நம்பர் எழுதிக்கொண்டே சொல்லிவிட்டான். சமாளிக்க வேண்டியவள் இவள்.

மறுநாள் ஸ்கூல் ஹாலில் கால் வைக்க இடமில்லை. டீனா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் பைக்குப் பின்னால் போனை வைத்துக்கொண்டாள். எல்லோரும் பேசப்போவது தமிழில்தானே, ஆப்பைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தாள். எச்.எம். மேடம் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

"கொரோனா டைம்ல போன் வாங்கலன்னா கிளாஸ் இல்லன்னு சொன்னது யாரு? நீங்கதானே மேடம்!" என்று எழுந்தான் பிரதாப். "கம்மல அடகு வெச்சு வாங்கிக் குடுத்தோம். இப்ப புடுங்குன்னா எப்டி புடுங்கறது? சோறு எறங்க மாட்டேங்குது எங்க வீட்ல."

"ஷிப்ட் முடிஞ்சு மேல வர்றப்ப தங்கம் கிங்கம் கீதான்னு வாச்மேன் எங்கள தடவிப் பாத்துதான் வெளிய வுடுவான்" என்றார் சுரங்கத்தில் வேலை பார்த்த பெருமாள் தாத்தா. "அதுமாரி கேட்லயே தடவிப் பாருங்க. ஒரு பய போன் எடுத்துட்டு வரமாட்டான்."

சிரிப்பு எழுந்து அடங்குவதற்குள் ஈவ்லின் எழுந்துவிட்டாள். "எல்லாரையும் ஒண்ணா கட்டாதீங்க மேடம். படிக்கிறதுக்குன்னே வெச்சிக்கிற புள்ளைங்களும் கீதுங்க. அதுங்களுக்காச்சும் குடுக்கலாம்ல?"

அப்புறம் பின்வரிசையிலிருந்து பார்வதம்மா கையைத் தட்டிச் சிரித்தாள். அவள் ஈவ்லினுக்கு மூன்றாவது வீடு. "அய்ய, யாரு பேசறது பாரு! தெனைக்கும் குழாயண்ட வந்து, எம்பொண்ணு போன்லயே அழிஞ்சுபோறா, கூப்டா காதுல வுழல்லன்னு ஒப்பாரி வெக்கிறது நீதானே? உம்பொண்ணப் பாத்துதான் மேடம் எம்பேத்தியும் கெட்டா!"

ஹால் மொத்தமும் சிரித்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இரண்டு வருஷமாகத் தெருத் தெருவாகக் கத்தின தவளை, பழைய பொய்யொன்றைத் தூசி தட்டி எடுத்தது.

"இல்ல மேடம், அவ ரெக்கார்ட் பண்றா. சாம்ராஜ் சாரே பர்மிசன் குடுத்துகீறாரு. கேளுங்க."

சாம்ராஜ் நல்ல மனுஷன். உதவி செய்வதாகத்தான் எழுந்தார். "ஆமா மேடம், ரொம்ப நல்லா படிக்கிற பொண்ணு. அதுக்கின்னா, என் நோட்ஸ் எல்லாத்தையும் ஜெராக்ஸ் போட்டு நானே குடுத்துடறேன். போனே வேணாம்."

இருந்த ஒரே பிடியும் போயிற்று. "அவளுக்குக் கண்ணு மங்கல்" என்றாள் ஈவ்லின். முதல் பெஞ்சில்தானே உட்காருகிறாள் என்றார் மேடம். "வயசுப் பொண்ணு, ஒரு அவசரம்னா" என்றாள். ஆபீஸில் போன் இருக்கிறது என்றார் மேடம். பொய் ஒவ்வொன்றும் சொன்ன இடத்திலேயே செத்து விழுந்தது.

"உக்காரும்மா. ஒரு வீட்டுக்காக ரூல மாத்த முடியாது" என்று சொல்லி மேடம் கையெழுத்துத் தாளை முன்வரிசையில் கொடுத்தார். பேனா கைமாறத் தொடங்கியது. ஐந்து பேர், ஆறு பேர். ஈவ்லின் மகளைப் பார்த்தாள். டீனா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். தாள் அடுத்த வரிசைக்கு வந்துவிட்டது. இதில் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பிள்ளை வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும். மார்ச்சில் தோற்கும். தோற்றால் வீட்டு மூலை. மாதாவே, நான் என்ன செய்வேன்?

"அவளுக்குக் காது கேக்காதுங்க!"

காது போன மாமனாருக்காகக் கத்தியே பழகின குரல். ஹாலின் கடைசிச் சுவர் வரை போயிற்று.

"ரெண்டு காதும் கேக்காது. நாம பேசறது அதுல எழுத்தா வரும், அதப் படிச்சித்தான் படிக்கிறா. எம்பொண்ணு போன் பைத்தியம் இல்லீங்க. நாந்தான் பொய் சொன்னேன். அவளுக்குக் காதே அதுதான். அத மட்டும் புடுங்காதீங்க, உங்க கால்ல வேணும்னாலும் வுழறேன்."

சொல்லி முடித்து மகள் பக்கம் திரும்பினாள். டீனா இவள் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் அதில் ஏறியிருந்தது. நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த பவ்யா திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அவள் அம்மா. அப்புறம் எல்லோரும்.

"ஐயோ பாவமே" என்றாள் பார்வதம்மா, நிஜமாகவே மனசு உருகி. மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. தாராளமா வெச்சிக்கட்டும். எக்ஸாம் போர்டுக்கும் நானே எழுதறேன்" என்றார். சாம்ராஜ் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டது கிடைத்துவிட்டது. ஈவ்லின் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் டீனா எழுந்து முன்னால் போய்விட்டாள். போனை அணைத்து மேடத்தின் மேஜையில் வைத்தாள். மேடம் ஏதோ சொல்லி அதை அவள் பக்கமே தள்ளினார். டீனா தொடவில்லை. இத்தனை பேர் நடுவில் வழி விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஈவ்லின் போனை அள்ளிக்கொண்டு ஓடினாள். மைதானம் தாண்டி, கேட்டருகே போய்த்தான் பிடிக்க முடிந்தது. மூச்சு வாங்கியது. போனை உயிர்ப்பிக்கத் தெரியாமல் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஒனக்காகத்தான்டி கண்ணு. ஒரு வருசம் போயிடுமேன்னுதான்... மம்மிய மன்னிச்சிடுடி. என்னப் பாரு, இங்க பாரு" என்று உதட்டைப் பெரிசாக அசைத்து அசைத்துச் சொன்னாள்.

டீனா அம்மாவின் வாயை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.