அடைப்புக்குள் இருப்பது

ஏழு மணிச் சங்கு ஊதி ஓய்ந்தது. கமலாட்சி தறியைவிட்டு எழுந்திருக்கவில்லை. பத்து மணிக்குக் கணக்குப் பரீட்சை.

உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து பூட்டுகிற கோர்வைப் புடவை ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை. உடலை நெய்கிறவன் ஒருவன். கரைக்கு மட்டும் ஊடுநூல் ஓட்டும் தனி நாடாவைப் போடப் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். சபாபதி உடலை நெய்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து கமலாட்சி கரை போட்டாள். அவள் எழுந்தால் தறி நின்றுவிடும். இது முகூர்த்தப் புடவை. வியாழக்கிழமை தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும்.

எட்டு வரைக்கும் உட்காரச் சொல்லியிருந்தான். கை நாடாவைப் போட்டது. வாய் வேறொன்றை முணுமுணுத்தது. பெருக்கினால் அடுக்கைக் கூட்டு. வகுத்தால் கழி. அடுக்குக்கு மேல் அடுக்கு வந்தால் பெருக்கு. விதியெல்லாம் தலைகீழ்ப் பாடம். இருந்தும் எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்றதெல்லாம் தேறிக் கணக்கு மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. இந்தத் தடவை தேறினால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். இரண்டு வருஷம், வெளியூரில், விடுதியில். போய்ப் படி என்று சபாபதிதான் சொன்னான். அது சித்திரையில். அப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முந்தின நாள் எதிர்வீட்டு தேவகி வந்து அவள் போட்ட கணக்குகளைப் பார்த்தாள். தேவகி பி.யூ.சி. படிக்கிறவள். (3a²)³ என்பதைச் சுருக்கி 3a⁶ என்று கமலாட்சி எழுதியிருந்தாள். ஒன்றில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும் அப்படித்தான்.

"மூணை ஏன்கா வெளியில நிக்க வெச்சிருக்கீங்க? அதுவும் அடைப்புக்குள்ளதானே இருக்குது?"

a உடல், எண் அதற்குக் கரை, உடலுக்குச் செய்கிறதைக் கரைக்கு எதற்குச் செய்வது என்றுதான் தன் கை போகிறது என்று கமலாட்சி சொன்னாள்.

"நல்லா இருக்குதே. புடவைக்கா பரீட்சை வெக்கிறாங்க?" தேவகி சிரித்து ஓய்ந்தாள். உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் அடுக்கு போய்ச் சேரும் என்று 27a⁶ எழுதிக் காட்டினாள்.

எட்டானது. இந்த வரி முடியட்டும் என்றான் சபாபதி. முடிந்தது. இன்னும் ஒரு வரி என்றான். கமலாட்சியின் கண் கடிகாரத்துக்குப் போனது. நாடா முந்திப் போனதில் கரையும் உடலும் ஓரிடத்தில் பூட்டிக்கொள்ளாமல் விட்டுப்போயின. சபாபதி அந்த இடத்தைப் பிரித்தான். பிரித்து முடிப்பதற்குள் அவள் எழுந்து முகம் கழுவிவிட்டாள். சைக்கிளை அவனே வெளியில் எடுத்தான்.

சுருக்குக: (2a³)⁴ ÷ 8a⁵.

பரீட்சைக் கூடத்தில் கமலாட்சி மளமளவென்று எழுதினாள். 2a¹² ÷ 8a⁵. கால் பங்கு a⁷. அடுத்ததற்குப் போனாள். மனம் போகவில்லை. விடையில் பின்னம் வந்தது உறுத்தியது. ஜன்னலுக்கு அப்பால் ஏதோ வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த மிதிச் சத்தத்துக்கு அவள் வலக்கை எழும்பப் பார்த்தது. பேனாவை இறுக்கிக்கொண்டு மறுபடி முதல் வரியைப் படித்தாள்.

இரண்டு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தது.

அடித்துவிட்டு எழுதினாள். 16a¹² ÷ 8a⁵. 2a⁷.

பிறகு எழுதியதையெல்லாம் திருப்பிப் பார்த்தாள். வேறு இடங்களிலும் அதே தப்பு. கடைசியைத் திருத்தும்போது மணி அடித்துவிட்டது.

வாசலில் சபாபதி சைக்கிளோடு நின்றான். அவளைக் கொண்டுவிட்டவன் வீட்டுக்கே போகவில்லை, போய்த் தனியாக எதை நெய்வது. காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்த தேவகி, கேள்வித்தாளைப் பிடுங்கி ஒவ்வொன்றாக விடை கேட்டாள்.

"இதுலயும் நீங்க தேறலன்னா நான் மொட்டை போட்டுக்கறேன்கா."

கமலாட்சிக்குச் சிரிப்பு வந்தது. சபாபதியும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

பின்னால் அவளை உட்கார வைத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் வரைக்கும் மிதித்தான். தங்கள் தெருவுக்குள் திரும்பியதும் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். மிதிப்பதை நிறுத்தினான். சைக்கிள் தானாக ஓடி மெதுவானது. திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"நீ போய்ட்டா நம்ப தறியில கரை போட யாரு இருக்காங்க, கமலா?"