மூச்சை ஆழமாக இழுக்கவும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, மறைப்பானேன்? எண்ணூர் மக்களின் மனநலத்துக்கென்று ஒரு செல்போன் விளையாட்டு தயாராகிறது. அதற்குக் கதை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எழுதினேன், ஒரு காட்சியை வெட்டிவிட்டார்கள். வெட்டியது இதுதான்.

2

முதல் தொடக்கம்: 'கடலோரத்தில் அன்புக்கரசி நிம்மதியாக—'

சீ! நிம்மதியாம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: அன்புக்கரசி நண்டு விற்பவள். பக்கத்துத் தொழிற்சாலையில் வாயு கசிந்த அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அன்றிலிருந்து கதவைச் சாத்தினாலே நெஞ்சை அடைக்கிறது. தூக்கம் போச்சு. (இது இருக்கட்டும்.)

3

நானும் விளையாட்டை வடிவமைக்கும் வசீமும் அவள் வீட்டுக்குப் போனோம், சோதித்துப் பார்க்க. செல்போன் திரையில் மூச்சுப் பயிற்சிக்கென்று ஒரு நீல வட்டம். 'மூச்சை ஆழமாக இழுக்கவும்' என்றது.

அவள் எழுந்து வாசலுக்குப் போய், தொழிற்சாலைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். அந்தத் தெருவில் துணி காயப்போடுவதற்கு முன்பும் இப்படித்தான் பார்ப்பார்கள். புகை வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லா மூச்ச இழுங்கக்கா" என்றான் வசீம்.

"இன்னாத்த இழுக்க சொல்ற? அத்த இழுத்துதான் இப்டி கீறேன்!"

வட்டம் கொஞ்சம் காத்திருந்துவிட்டுச் சொன்னது: 'நீங்கள் முயற்சி செய்யவில்லை.'

(இந்த வாக்கியத்தை எழுதிய புண்ணியவான் எங்கோ ஏசி அறையில் இருக்கிறார். பார்த்தால் சொல்லுங்கள், தேடிக்கொண்டிருக்கிறேன்.)

4

வசீம்மேல் எனக்குச் சந்தேகம். நான் திட்டுவதற்கென்றே செய்துவைத்த ஆள் மாதிரி இருக்கிறான். ஆனால் அவனும் இந்த வடசென்னைப் பக்கம்தான், கொருக்குப்பேட்டைக்காரன். முகம் செத்துப்போய், "உனுக்கு இன்னாதான் வோணும், சொல்லுக்கா" என்றான்.

"அந்தக் கம்பெனி பெரிய மனுசன இட்டாந்து இங்க குந்த வை. இந்த வட்டத்த அவன் கைல குடு. அவன் இழுக்கட்டும், நான் பாத்துகினு கீறேன். அப்பால எனுக்குத் தூக்கம் வரும்."

நான் அதைக் காட்சியாக எழுதினேன், வசீம் அப்படியே விளையாட்டில் சேர்த்தான். 'இது மனநலமில்லை, அரசியல்' என்று அலுவலகத்தில் வெட்டினார்கள். விளையாட்டுக்குச் செலவு செய்வதே அந்தத் தொழிற்சாலைதான். வயிறு எரிகிறது எனக்கு.

5

அலுவலகத்தில் கேட்கும் முடிவு: அன்புக்கரசி கண்ணை மூடி, மூச்சு இழுத்து, சிரிக்கிறாள். அவள் குணமாகிவிட்டாள் என்று கம்பெனியில் எழுதிக்கொள்வார்கள். அப்புறம் எந்தக் கசிவு, எந்தப் புகார்?

இன்னொரு முடிவு: அவள் வேறு ஊருக்குக் குடிபோய்—

அட போய்யா, அவள் ஏன் போக வேண்டும்?

முடிவை நான் எழுதப்போவதில்லை. வாசகரே, போன் இப்போது உங்கள் கையில். வட்டம் காத்திருக்கிறது. அன்புக்கரசி மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களையே பார்க்கிறாள். 'இழுங்கள்' என்று அவளிடம் சொல்வதற்கு முன், தயவுசெய்து ஒருமுறை எழுந்து வாசலுக்குப் போய், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.