நாற்பதாம் நாள் நோட்டீஸ்

ஆன்டிவைரசை அணைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் எனக்கே சாக்குச் சொல்லத் தோன்றும்.

சவ அடக்கக் கம்பெனியின் கிளைக் கடையில் பதினேழு வருஷமாக மரண நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிறேன். வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவார்களே, மேலே படம், கீழே துக்கத்தில் இருப்பவர்களின் பேர், அதுதான். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை முழுதாகச் சோதித்த பிறகே திறக்க வேண்டும் என்பது தலைநகர் சோபியாவிலுள்ள தலைமை அலுவலகத்தின் சட்டம். எங்கள் கிழட்டுக் கணினிக்கு அதற்கே அரை மணி நேரம் ஆகும். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷனைச் சவப்பெட்டிகளுக்கு நடுவே அரை மணி நேரம் உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை.

இது பாதி உண்மை. ‘ஸ்னேஷாகிட்ட போனா சட்டுனு முடிஞ்சுடும்’ என்று ஊர் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது என்பது மீதிப் பாதி. கணினியைக் கவனிக்க மாதம் ஒருமுறை வரும் பிளாமென், ஆன்டிவைரசை நிறுத்தும் கடவுச்சொல்லை மேசை இழுப்பறைக்குள் ஒட்டி வைத்திருந்தான். அது எனக்கு வசதியாகப் போயிற்று.

மார்ச்சில் லூபென் ஐயா வந்தார். மனைவி பென்கா அன்று விடியற்காலையில் இறந்திருந்தார். அவர் கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து ஆறே நிமிஷத்தில் ஒரு படத்தை எடுத்து இருபது நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன். என் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார். பென்டிரைவைக் கணினியிலேயே மறந்துவிட்டுப் போனார். நானும் பிடுங்கி வைக்கவில்லை.

மறுநாள் காலை கணினியில் ஒரு படமும் திறக்கவில்லை. முந்தின நாள் வந்த வேறு யாருடைய பென்டிரைவிலிருந்தோ வைரஸ் ஏறி, எங்கள் கோப்புகளோடு அவருடையதையும் சேர்த்துத் தின்றிருந்தது. பென்கா அம்மாவின் முந்நூற்றுச் சொச்சம் படங்கள் அதில் இருந்தன. மகள் நெவேனா பல வருஷமாகத் தன் போனில் எடுத்தவை. எல்லாவற்றையும் அப்பாவுக்காக அதில் ஏற்றிவிட்டு, போனில் இருந்ததை அழித்து அதை விற்றுவிட்டாள்.

பிளாமென் வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

“ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அடிக்கிறியே அக்கா, இந்தக் கணினிக்கும் ஒண்ணு அடிச்சு வாசல்ல ஒட்டு. யாரு ஆன்டிவைரசை ஆஃப் பண்ணது?”

“எனக்கென்னடா தெரியும்? தானா நின்னிருக்கும்.”

இழுப்பறையைத் திறந்து பார்த்தான். ஒட்டி வைத்தது அவன் என்பதால் வாயை மூடிக்கொண்டான்.

மத்தியானம் லூபென் ஐயா பென்டிரைவைக் கேட்டு வந்தார்.

“இது கெட்டுப்போயிருக்கு ஐயா. ஏத்தும்போதே சரியா ஏறல போல.”

“நேத்து படம் எடுத்தியேம்மா?”

“அது ஒண்ணுதான் இருந்துச்சு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் நம்பினார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இறந்தவருக்கு நாற்பதாம் நாள் பிரார்த்தனை நடத்தி, அதற்கும் புது நோட்டீஸ் ஒட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்கு மூன்று நாள் முன்பு மறுபடி வந்தார். தன் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கத்தியால் சுரண்டி எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மழையில் ஊறி பென்கா அம்மாவின் ஒரு கன்னம் வெளிறிப்போயிருந்தது.

“வீட்ல இருக்கிறது இந்த ஒரு படந்தாம்மா. இதைப் பாத்தே போட்டுடு.”

படத்தை நகலெடுத்துவிட்டு எழுத்தைத் தட்டினேன். துக்கத்துடன் கணவர் லூபென், மகள்...

“மக பேரு வேணாம்.”

என் கை நின்றுவிட்டது. பெற்ற பிள்ளையின் பேர் இல்லாத நோட்டீஸ் ஒட்டினால் எங்கள் ஊர் ஒரு வருஷம் வாயில் போட்டு மெல்லும். செத்துப்போனவளுக்கும் அது அவமானம்.

“ஏன் ஐயா?”

“அம்மா படத்தைப் பாத்து ஏத்தத் துப்பில்ல, போனை விக்க மட்டும் அவசரம். கேட்டா, எல்லாம் ஏத்தினேன்னு சாதிக்கிறா. செத்தவ விஷயத்துலயும் பொய்யாடீன்னேன். நாப்பதுக்கு இந்தப் பக்கம் வராதேன்னுட்டேன்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தது. அந்தப் பேரை விட்டுவிட்டு அச்சடித்தால் ஐந்து நிமிஷத்தில் போய்விடுவார், என் வேலையும் பிழைக்கும். அப்படியும் நினைத்தேன். அதற்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

“அவ பொய் சொல்லல ஐயா. எல்லாப் படமும் இருந்துச்சு. அழிய விட்டது நான்தான்.”

சோதிக்காமல் செருகியதிலிருந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். திட்டவில்லை.

“ஒரு மாசமா அழுதுட்டிருக்காளாம்,” என்றார் கடைசியில். “நான் போனை எடுக்கவே இல்ல.”

கோட்டுப் பையிலிருந்து தன் பழைய போனை எடுத்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, என் முன்னால் நீட்டினார்.

“எங்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லு.”

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“அப்பா? அப்பா, நீதானாப்பா? வெச்சுடாதப்பா. நான்தான் ஒழுங்கா ஏத்தலப்பா, தப்பு என்னுதுதான். நான் நாப்பதுக்கு வரட்டுமா?”

நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.