வார்டனம்மா குரல்

மைக்கின் உயரத்தைக் குறைக்கத் தெரியாமல் தம்பி திணறிக்கொண்டிருந்தான். நாற்பது வருடமாகத் தையல் மெஷினுக்கு முன்னால் தலைகுனிந்தே பழகியவன். மேடையெல்லாம் அக்காவுடையது. அவள் இப்போது அவனுக்குப் பின்னால், திறந்த சவப்பெட்டிக்குள் இருந்தாள்.

"நீ அழுதுக்கிட்டு நின்னே, நான் எழுந்து வந்துடுவேன்டா. சிரிக்க வை" என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தாள்.

அரங்கு நிறைய ஆட்கள். ஆலையில் நூல் சுற்றும் வேலைக்கு நடுவே வானொலி நிலைய வாசலில் வாய்ப்புக்காக நின்றவளை, பிறகு ஊரே 'வார்டனம்மா' என்று கூப்பிட்டது. மூக்கால் பேசும் அந்தக் கறார் பெண்மணி வேடத்தில் இருபது வருடம் தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்தாள்.

"அந்தக் குரல் எங்க கிடைச்சதுன்னு அக்கா யார்கிட்டயும் சொன்னதில்ல" என்று தொடங்கினான். "அப்பா அம்மா போனப்புறம் எங்களை விடுதியில விட்டாங்க. எனக்கு ஆறு வயசு, அவளுக்குப் பத்து. சாப்பாடு ஆளுக்கு ஒரு கரண்டிதான். நான் பசியில அழுவேன். ஒருநாள் அக்கா சமையலறைக் கதவுக்கு வெளிய நின்னு, வார்டன் குரல்லயே..."

அப்போதுதான் பார்த்தான். மூன்றாவது வரிசையில், கைத்தடியை ஊன்றியபடி, அதே வார்டன். தொண்ணூறு வயதிருக்கும். கைகள் தாமாகவே நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டன.

"ஏன் நிறுத்திட்டே? சொல்லு."

மூக்கால் வந்த குரல். அரங்கமே திரும்பியது. முன்வரிசையில் ஒருத்தி பதறிப்போய்ப் பெட்டியைப் பார்த்தாள்.

"'எல்லாருக்கும் இன்னொரு கரண்டி போடு'ன்னா. அதானே? நான் வராந்தாவுலதான் நின்னேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"என் குரல் எனக்குத் தெரியாதா? எட்டிப் பார்த்தேன். எல்லாரும் வாய் நிறைய வச்சுச் சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க. அப்படியே திரும்பிட்டேன். மறுநாள்லேருந்து ரெண்டு கரண்டின்னு நானே சொல்லிட்டேன்." கிழவி மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. நான் இவ்வளவு மூக்கால பேசமாட்டேன்."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. தம்பியும் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சிரித்தான். அதற்குமேல் அவன் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் வார்டன் பெட்டியருகே வந்தாள். அக்காவின் சேலைத் தலைப்பு ஒருபக்கம் மடங்கியிருந்தது. கைத்தடியைத் தம்பியிடம் நீட்டிவிட்டு, இரண்டு கைகளாலும் அதை நீவிச் சரிசெய்தாள்.

சரியான பிறகும் கைகளை எடுக்கவில்லை. தம்பி கைத்தடியோடு பக்கத்தில் நின்றான்.